ஒரே பெஞ்சு, இரண்டு விடை

பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கைதான், இரட்டைப் பிள்ளைகள் இல்லை. இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்களுடைய அம்மாவுக்கு அலுத்துவிட்டது. சலவைக் கடைக்குத் துணி போட வருகிறவர்கள், பின்பக்கம் துணி மடிக்கிற மேஜையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களையும் எட்டிப் பார்த்துவிட்டு, "ட்வின்ஸா?" என்பார்கள். "இல்லீங்க, பெரியவளுக்குக் காய்ச்சல்ல ஒரு வருஷம் போயிடுச்சு. அதான் ரெண்டும் ஒரே க்ளாஸ்" என்பாள் அம்மா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். காலர் கருகிப் போனால் துணிக்காரருக்கு யார் பதில் சொல்வது?

அந்தக் காய்ச்சல் லேசுப்பட்டதில்லை. வந்தது, போனது, மறுபடி வந்தது, பிள்ளையை எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டுத்தான் விட்டது. எழுந்து பள்ளிக்கூடம் போனபோது அவளோடு படித்தவர்கள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். தங்கையின் வகுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் அறை முழுக்கத் தெரியாத முகம். இரண்டாவது பெஞ்சில் மட்டும் ஒரே ஒரு தெரிந்த முகம். சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். அந்த நகர்தலுக்காகவே பெரியவள் அவள்மேல் உயிரை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு சிநேகிதி கிடையாது. வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இரண்டு பேருக்குமே கணக்கு என்றால் கொள்ளை ஆசை. அதில்தான் வம்பு வந்தது. இருவர் விடைத்தாளும் வரிக்கு வரி ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கையில் எப்போதும் அடிக்கோலோடு திரியும் ஸ்கேல் டீச்சர், "யாரைப் பார்த்து யார் எழுதினீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து, "முதுகைக் காட்டி உக்கார வைங்க டீச்சர். உங்க கண் முன்னாலயே போடட்டும்" என்றாள். உட்கார வைத்தார்கள். போட்டார்கள். வரிக்கு வரி ஒன்றாகவே வந்தது. டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிலிருந்து அது வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது. கணக்கு போட்டால் முதுகு காட்டி உட்கார வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடித்தவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருவரும் முடித்த பிறகு "திருப்பு" என்று சொல்லி ஒன்றாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் விடை ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் சண்டை கிடையாது, "எங்க பிரிஞ்சுது?" என்று மேலிருந்து வரி வரியாகப் பார்த்து வருவார்கள். எங்கேயாவது ஒருத்தி கழித்தல் குறியை விட்டிருப்பாள். அதைக் கண்டுபிடித்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். விடை இரண்டு என்றால் யாரோ ஒருத்தி தப்பு. இதில் பெரியவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மார்க்கு வந்தது. இனி எதைப் படிப்பது என்று வீட்டில் பேச்சு கிளம்பியது.

இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, வடக்கே ரயிலில் போக வேண்டிய பல்கலைக்கழகத்தில் கணிதம். சும்மா கணிதம், முன்னாலும் பின்னாலும் வால் கிடையாது. இன்னொன்று, தெற்கே பெரிய நகரத்தில் இருக்கும் நிறுவனத்தில் அளவுசார் நிதியியல். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எல்லோரும் ஃபைனான்ஸ் என்றே சொன்னார்கள். பங்கு விலை, கடன், காப்பீடு, நஷ்டம் வந்தால் எவ்வளவு வரும், எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற படிப்பு. இருவர் மார்க்குக்கும் இரண்டு இடத்திலும் கதவு திறந்திருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆகாயத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, காலடியில் எறும்பு மாதிரி தெரிகிற லாரிகளின் மேல் பெட்டி பெட்டியாக இறக்கி வைப்பது அவர் வேலை. நாள் முழுக்கக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் கழுத்துக்கு வெந்நீர்ப் பை, வாய்க்குப் பூட்டு. அவரே ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"ஃபைனான்ஸ் படிச்சா ஏசி ரூம்ல உக்காரலாம். கணக்கு படிச்சா?"

"அதுவும் ரூம்தான்ப்பா" என்றாள் சின்னவள்.

"அந்த ரூமை யாரு குடுப்பா?"

அம்மா குறுக்கே புகுந்து, "எதை வேணா படிங்க. ஒண்ணா போங்க, அது போதும். ஒருத்திக்கொருத்தி துணையா இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றாள். பெரியவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் மனசில் இருந்ததும் அது ஒன்றுதான். கணக்கோ ஃபைனான்ஸோ, சின்னவள் பக்கத்தில் இருக்க வேண்டும். புது ஊர், புது விடுதி, அறை முழுக்கத் தெரியாத முகம் என்று நினைப்பு வந்தாலே அவள் எழுந்து போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டு இடத்தாரும் சேர்ந்து ஊரில் ஒரு மண்டபத்தில் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அக்காவும் தங்கையும் போனார்கள். கணிதத்துக்காக வந்த பேராசிரியர் எண்ணெய் காணாத தலையும் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையுமாக இருந்தார். கறுப்பும் வெளுப்புமாகச் சதுரங்கக் கட்டம் வரைந்தார். எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு கட்டத்தை அழித்தார். "மிச்சத்தை இரண்டு கட்டம் நீளமுள்ள சீட்டுகளால் மூட முடியுமா, போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு. ஃபைனான்ஸ் பக்கம் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். திரையில் விலைக் கோடு ஏறி இறங்குவதைக் காட்டி, "நாளைக்கு இது எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த விஷயத்துக்கு இன்னிக்கு ஒரு விலை போடணும். அதான் எங்க வேலை" என்றாள். நன்றாகத்தான் பேசினாள்.

பெரியவளுக்கு எது பிடித்தது? அதை அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. சின்னவளுக்கு எது பிடித்தது என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேளுங்கள், சிரிப்பு வரும். சின்னவள் நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு கணிதப் புத்தகம் எடுத்து வந்திருந்தாள். திருப்பிக் கொடுக்காமல் மறுபடி மறுபடி நீட்டித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் கோடு வேறு. இது கணிதத்தின் பக்கம். ஃபைனான்ஸ் விளம்பரப் புத்தகத்தின் மேல் டீ கிளாஸை வைத்தாள். அட்டையில் வட்டமாகக் கறை. இதுவும் கணிதத்தின் பக்கம். பேராசிரியர் கடைசியில் எழுந்து போனபோது கைதட்டினாள். இதுவும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று பெரியவள் துணிச் சீட்டின் பின்புறத்தில் எழுதினாள், பெருக்கினாள், வகுத்தாள். சின்னவள் கணிதம் எடுக்க வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று வந்தது.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவளைத் திரும்பி, "உனக்கு என்னடி வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அதற்குப் போய் நிகழ்தகவு! கணக்கு படித்த கழுதைகளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

விண்ணப்பத்துக்குக் கெடு நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை முன்கதவை இறக்கிவிட்டு அம்மா விடுதிக்காரர்களின் படுக்கை விரிப்புகளை நீராவியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் போனை எடுத்துக்கொண்டு மடிப்பு மேஜைக்கு வந்தாள்.

"தனித்தனியா போட்டுடலாம். அப்புறம் திருப்பலாம்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது கணக்கு இல்லக்கா. பேசி முடிவு பண்ணலாமே."

"பேசினா நான் உன்னை இழுப்பேன், நீ என்னை இழுப்ப. அது சரியில்ல."

இதைச் சொல்லும்போது பெரியவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. எவ்வளவு நியாயமான அக்கா! சின்னவள் கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உனக்கு எது வேணுமோ அதைத்தான் போடுவியா?"

"பின்ன?"

"சத்தியமா?"

"சத்தியமாடி."

சின்னவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். இருவரும் போனில் விரலால் தட்டித் தட்டி விண்ணப்பத்துக்குள் போனார்கள். உறுதி செய்யவா என்று கேட்டது. செய்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தார்கள். பெரியவளுக்குப் பரபரப்பே இல்லை. ஒத்துப்போகும் என்று தெரிந்த விடையைத் திருப்பிப் பார்ப்பதில் என்ன பரபரப்பு?

"திருப்பு" என்றாள்.

அக்காவின் போனில் கணிதம். தங்கையின் போனில் ஃபைனான்ஸ்.

பெரியவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது: "எங்க பிரிஞ்சுது?"

"பிரியலக்கா. எனக்கு ஃபைனான்ஸ் பிடிச்சிருக்கு."

"அந்தப் புத்தகம்? கோடெல்லாம் போட்டுப் படிச்சியே."

"கணக்கை விட்டா வருத்தமா இருக்குமான்னு பார்க்கத்தான் படிச்சேன். கொஞ்சம் இருந்துச்சு. ஆனா விட முடியும்னு தெரிஞ்சுது." சின்னவள் அவசரமில்லாமல், வரி வரியாகச் சொன்னாள். "நான் போட்ட விடையோட ஒரு ஆள் மல்லுக்கு நிக்கணும்க்கா. இது தப்பு, இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்னு சொல்லணும். நான் பதில் சொல்லணும். கணிதத்துல போட்டு முடிச்சா முடிஞ்சுது, அங்க யாருமே இல்ல. எனக்கு அது ஆகாது. சரி, உன்னோடதைச் சொல்லு. நீ எப்படி வந்த?"

பெரியவள் வாயைத் திறந்தாள். புத்தகம், டீக் கறை, கைதட்டல். இதைத் தவிர அவளிடம் ஒரு வரி இல்லை. அதையே சொன்னாள், வேறென்ன செய்வாள்? பத்துக்கு ஒன்பதையும் சொன்னாள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். "நீ உன் கணக்கைப் போட்டியா, என் கணக்கைப் போட்டியா?"

"ஒண்ணா போகணும்னுதானேடி..."

"சத்தியம் பண்ணினியேக்கா."

சின்னவள் எழுந்து மாடிப்படியேறி வீட்டுக்குப் போய்விட்டாள். சீறிக்கொண்டிருந்த நீராவியை அம்மா அணைத்தாள். "அப்ப தனித்தனியாவா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். தேய்த்து வைத்த விரிப்பையே மறுபடி எடுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

விருப்பத்தை மாற்றிக்கொள்ள அந்த வாரம் மட்டும் இடம் இருந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஊரில் இருந்த சேர்க்கை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். கணிதத்திலிருந்து ஃபைனான்ஸுக்கு மாறிவிட்டால் தீர்ந்தது. இது பெரியவளுக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. ஆனால் சின்னவள் பார்த்த பார்வை தடுத்தது. வீட்டில் சின்னவள் பேசினாள், சாப்பிட்டாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். படுக்கையில் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு முழ தூரத்தில் தங்கை மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே, அவள் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த வருஷம் ஞாபகம் வந்தது. பகலெல்லாம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்பா கூண்டில், அம்மா கடையில், சின்னவள் பள்ளிக்கூடத்தில். ஜன்னல் வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, அழுதால்கூட யாருக்கும் கேட்காது என்பதால் அழாமல் கிடப்பாள். இன்னொரு தரம் அது முடியாது. என்னால் ஆகாது என்று அவள் வாய்விட்டே சொன்னாள், தலையணைக்குள்.

அப்பாதான் வழி திறந்துவிட்டார். கழுத்தில் வெந்நீர்ப் பையோடு, "மாத்திக்கலாம்ல? மாத்திடு. சின்னவளைத் தனியா அனுப்ப எனக்கு மனசு வரல" என்றார். அப்பா சொல்லிவிட்டார்! இது போதாதா? மறுநாள் காலை சான்றிதழ்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

சேர்க்கை அலுவலகம் மாடியில் நீளமான தாழ்வாரம். தரையோடு ஆணி அடித்த நாற்காலிகள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. பிள்ளைகளும் பெற்றவர்களுமாக நல்ல கூட்டம். வருகிறவர்கள் எல்லாம் மாற்ற வந்தவர்கள், மாற்றியதை மறுபடி மாற்ற வந்தவர்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு பெரியவள் மூலையில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஃபைனான்ஸுக்கு எதிர்காலம் இருக்கு மேடம். வீட்டுல சொன்னாங்க மேடம்.

"தள்ளி உக்காரு" என்று ஒரு குரல்.

தூக்கிவாரிப்போட்டது. சின்னவள். கடையில் கட்டிக்கொள்ளும் நீல ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"எப்படிடி தெரியும்?"

"சர்ட்டிஃபிகேட் கவர் இல்ல. வேற எங்க போவ நீ?" உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "மாத்தப் போறியா?"

"அப்பா சொன்னார்."

"அப்பாவை விடு."

"ஃபைனான்ஸும் நல்ல படிப்புதான்டி. எனக்கும் பிடிச்சிருக்கு."

"எதுக்குப் பிடிச்சிருக்கு? சொல்லு பார்ப்போம்."

பெரியவள் கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே ஒரு அப்பாவும் மகனும் போனைப் பார்த்து ஏதோ தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. நீ முதல் நாள் என் க்ளாஸுக்கு வந்தப்ப, என் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்தா, ஞாபகம் இருக்கா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். அறை முழுக்கத் தெரியாத முகம். ஒரே ஒரு தெரிந்த முகம். நகர்ந்து இடம் விட்டது. வேறு யாரும் ஞாபகத்தில் இல்லை.

"இருந்தா. சுருட்டை முடி. எனக்கு அவதான் எல்லாம். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க, உனக்கு இடம் வேணும்னு. அப்புறம் அவ எங்கூடப் பேசவே இல்ல." சின்னவள் ஏப்ரன் நுனியை விரலில் சுற்றினாள். "அக்காவுக்கு உடம்பு சரியில்ல, நீ பார்த்துக்கணும்னு அம்மா சொன்னாங்க. பார்த்துக்கிட்டேன். எனக்கு உன் மேல கோவம் இல்லக்கா, சத்தியமா இல்ல. ஆனா அன்னிலேருந்து எனக்குன்னு ஒரு இடம் இல்ல. பெஞ்சுல நீ, பஸ்ல நீ, கடையில நீ. யாராவது எங்கிட்ட ஒண்ணு கேட்டா, நீ என்ன சொல்லுவன்னு பார்த்துட்டுத்தான் நான் வாயைத் திறக்கறேன். உன்னோட ஃபோன்ல கணிதம்னு பார்த்தேன்ல, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நீ உனக்குப் பிடிச்சதைப் போட்டுட்டன்னு நினைச்சேன். நான் போகலாம்னு நினைச்சேன்."

பெரியவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அடிக்காமலே அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமாகத் தனக்கு உலகத்திலேயே நல்ல இடமாக இருந்த ஒன்று, பக்கத்தில் இருந்தவளுக்கு இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாளும் முனகாமல் இருந்திருக்கிறாள், பாவி.

"நான் தனியா எப்படிடி இருப்பேன்?" என்றாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். குரல் சொன்னபடி கேட்கவில்லை.

"தெரியலக்கா. நானும் தனியா இருந்ததில்ல." சின்னவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "எனக்கு இருந்து பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னவள் சொன்னாள்: "உனக்காக வேணும்னா ஃபைனான்ஸுக்கு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்காகன்னா வராத."

டோக்கனைக் கூப்பிட்டார்கள். பெரியவள் எழுந்து போனாள். கண்ணாடிக்குப் பின்னால் கழுத்துப் பட்டி போட்ட ஒரு அம்மாள், தலை நிமிராமல், "எதுலேருந்து எதுக்கு?" என்றாள்.

"கணிதத்துலேருந்து" என்று ஆரம்பித்தாள். மிச்சம் வரவில்லை.

"சீக்கிரம் சொல்லும்மா. ஃபைனான்ஸ்ல சீட் இருக்கு. ஒரே நிமிஷம், மாத்திடலாம். என்ன வேணும் உனக்கு?"

என்ன வேண்டும் உனக்கு? கேட்ட அம்மாளுக்கு அது அன்றைக்கு நூறாவது தரமாக இருக்கும். பெரியவளை யாராவது கேட்டது இதுதான் முதல் தரம். அவளே கேட்டுக்கொள்ளாத கேள்வி. சின்னவள் வேண்டும் என்று சொல்ல முடியாது. அதை மாற்றித் தருகிற ஜன்னல் இது இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன? அவள் நிஜமாகவே தேடினாள், கண்ணாடியில் கைவைத்துக்கொண்டு, பின்னால் வரிசை முணுமுணுக்க.

மண்டபத்தில் அந்தப் பொத்தான் மாறிய பேராசிரியர் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் ஞாபகம் வந்தது. எல்லோரும் சீட்டுப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இவளும் போட்டாள், ஒவ்வொரு தரமும் இரண்டு கட்டம் மிஞ்சியது. அப்புறம் தெரிந்தது. அழித்த இரண்டு மூலையும் ஒரே நிறம், அதனால் மற்ற நிறத்தில் இரண்டு கட்டம் கூடுதல். ஒவ்வொரு சீட்டும் ஒரு கறுப்பையும் ஒரு வெளுப்பையும்தான் மூடும். முடியாது, எவ்வளவு முயன்றாலும், யார் முயன்றாலும் முடியவே முடியாது. அது தெரிந்த நேரத்தில் மண்டபம், கூட்டம், இரைச்சல் ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்ட முதல் சத்தம் சின்னவள் கைதட்டியது. அப்போதுதான் பக்கத்தில் சின்னவள் இருக்கிறாள் என்பதே அவளுக்கு ஞாபகம் வந்தது. அதுவரை அவளை மறந்துபோயிருந்தாள். தனியாக இருந்தாள், பயமாக இல்லை.

அது எத்தனை வருஷப் படிப்புக்குப் போதும், எத்தனை ராத்திரிக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அது அவளுடையது. இதில் மட்டும் அவள் யாரையும் பார்த்து எழுதவில்லை.

"மாத்தல மேடம். கணிதமே இருக்கட்டும்."

"இதைச் சொல்லவா டோக்கன் எடுத்த?" என்று எரிந்து விழுந்தாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள். "அடுத்தது யாரு?"

திரும்பி வந்தாள். சின்னவள் முகத்தைப் பார்த்ததுமே, கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பெரியவள் அதுவரை கண்டதில்லை. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அழகான முகமா என்று இருந்தது. தான் வரமாட்டேன் என்றதற்கு வந்த அழகு இது. அதை நினைத்தால் நெஞ்சு எரிந்தது.

படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

"கோவமா?" என்றாள் சின்னவள்.

"ஆமா."

"நிறையவா?"

"நிறையத்தான்." பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "அம்மாகிட்ட நீ சொல்லு. என்னால முடியாது."

"சொல்றேன்."

வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. கூட்டமில்லை. சின்னவள் ஏறுவதற்கு வழிவிட்டு வழக்கம்போல அக்காவுக்காக ஒதுங்கி நின்றாள். பெரியவள்தான் எப்போதும் முதலில் ஏறுவாள், ஜன்னலோரம் பிடிப்பாள், பக்கத்து இடத்தில் பையை வைத்துத் தங்கைக்குக் காவல் காப்பாள்.

"நீ போ" என்றாள் பெரியவள். "நான் அடுத்த பஸ்ல வரேன்."

"ஏன்க்கா? இடம்தான் இருக்கே."

"அதான் சொல்றேன். ஏறுடி."

சின்னவள் தயங்கினாள். பிறகு, எங்கே அக்கா மனசு மாறிவிடுவாளோ என்பதுபோல, சட்டென்று ஏறிவிட்டாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இந்த சீட்டா அந்த சீட்டா என்று நின்று பார்த்து, முன்னால் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். கை காட்ட ஞாபகமில்லை. பஸ் போய்விட்டது.

பெரியவள் நிறுத்தத்தில் நின்று அழுதாள். நன்றாக, மறைக்காமல் அழுதாள். பக்கத்தில் நின்றவர் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டு போனைப் பார்த்தார். அடுத்த பஸ் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏறி, இருவர் உட்காருகிற இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் பக்கத்து இடத்தில் சான்றிதழ் உறையை வைத்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி ஏறி, கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டாள். "இங்க யாராவது வராங்களாம்மா?"

பெரியவள் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. யாரும் வரல. உக்காருங்க."